பாக்கிப் பணமும் பழுதான தரையும்

திருச்சி மலைக்கோட்டைக்குத் தென்மேற்கே, தில்லைநகரையும் புத்தூரையும் ஒட்டியிருக்கும் தென்னூரில் நாற்பது ஐம்பது ஆண்டுப் பழைய வீடுகள் இன்னும் பல உண்டு. அவற்றின் தரை சிவப்பு ஆக்சைடு பூசி வழவழப்பாக்கியதாக இருக்கும். சற்றுப் பின்னால் கட்டியவையானால் கார்போரண்டம் கல்லால் தேய்த்து மெருகேற்றிய மொசைக்காக இருக்கும். மகன் வேலைக்குப் போன பிறகோ மகள் கல்யாணத்துக்கு முன்போ அந்தத் தரைக்கு விட்ரிஃபைடு டைல்ஸ் போடுவது இன்றைய வழக்கம். காண்ட்ராக்டரைப் பிடித்து, சதுரடிக்கு இவ்வளவு என்று பேசி, முன்பணம் கொடுத்து வேலையைத் தொடங்குகிறார்கள். முடிந்த சில வாரங்களில் குறைகள் தெரிகின்றன. கூடத்தில் ஒரு டைல்ஸின் விளிம்பு காலில் இடறுகிறது. குளியலறையில் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் கதவோரம் தேங்குகிறது. சமையலறைத் தரையைத் தட்டிப் பார்த்தால் உள்ளே வெற்றிடமாக இருக்கும் சத்தம் கேட்கிறது. காண்ட்ராக்டருக்கு இன்னும் ஒரு பங்கு பணம் பாக்கி இருக்கிறது. வீட்டுக்காரர் கையில் மிஞ்சியிருக்கும் ஒரே பிடி அதுதான். அதைக் கொடுக்காமல் நிறுத்திவிடலாமா?

பெரும்பாலோர் யோசிக்காமல் ‘ஆம்’ என்று சொல்லிவிடும் கேள்வி இது. கெட்ட வேலைக்குக் கூலி எதற்கு என்பது அந்தப் பதிலின் அடிப்படை. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முழு நியாயம் இல்லை. நிறுத்தப்பட்ட பணம் யாருடைய வயிற்றில் அடிக்கிறது, எந்தக் குறைக்கு எவ்வளவு பிடிக்கலாம், குறையில் வீட்டுக்காரரின் பங்கு எவ்வளவு, திருத்திக்கொள்ள வாய்ப்புக் கொடுக்கப்பட்டதா என்பவற்றையெல்லாம் கேட்காமல் எடுக்கும் முடிவு, ஒரு அநியாயத்துக்கு இன்னொரு அநியாயத்தைப் பதிலாகச் செய்வதில் முடியக்கூடும்.

தரைதானே என்று இதைச் சிறிய விஷயமாக ஒதுக்கவும் முடியாது. நடுத்தரக் குடும்பத்தில் வீட்டைப் புதுப்பிக்கும் பணம் பி.எஃப். தொகையிலிருந்தோ நகைக்கடனிலிருந்தோ வருகிறது. புடவை பிடிக்கவில்லையென்றால் கடையில் மாற்றலாம். ஒட்டிய தரையை மாற்ற முடியாது, உடைக்கத்தான் முடியும். உடைத்தால் டைல்ஸ், கலவை, கூலி எல்லாமே போகும். கட்டிலையும் பீரோவையும் மறுபடி வெளியே போட வேண்டும். வாட்டம் தவறிய குளியலறையில் வழுக்கி விழும் மூதாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வீட்டின் மிச்ச வாழ்க்கையே மாறிவிடும். தரை மோசமாக அமைவது அழகுக்கு மட்டும் வந்த கேடல்ல. அந்த வீட்டில் நடமாடுகிறவர்களின் உடம்புக்கும் அதில் ஆபத்து இருக்கிறது.

நியாயம் பேசப் புகுமுன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கவில்லை என்பது வேறு, பழுது என்பது வேறு. கடையில் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்த நிறம் கூடத்து நிழலில் மங்கலாகத் தெரிந்தால் அது தேர்வில் வந்த ஏமாற்றம். போட்டவர் அதற்குப் பொறுப்பல்ல. ஆத்தங்குடி டைல்ஸ் கண்ணாடியின் மேல் கையால் வண்ணம் ஊற்றி வார்க்கப்படுவது. சூளையில் சுடுவதில்லை; தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சிறு வேறுபாடு இருப்பது அதன் இயல்பு. அந்த வேறுபாட்டைக் குறையென்று காட்டிக் கூலியைப் பிடிப்பது ஏய்ப்பு. பழுது என்பது அளந்து காட்டக்கூடியது. ரசமட்டத்தை வைத்தால் மட்டம் தெரியும். ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால் வாட்டம் தெரியும். நாணயத்தால் தட்டினால் எங்கே கலவை பிடித்திருக்கிறது, எங்கே பிடிக்கவில்லை என்பது காதுக்கே கேட்கும். இந்தச் சோதனைகளைச் செய்யாமல் பொத்தாம் பொதுவாக “வேலை சரியில்லை” என்று சொல்லிப் பணத்தைப் பிடிக்க யாருக்கும் உரிமை கிடையாது.

பழுதுகளிலும் தராதரம் உண்டு. கண்ணுக்குத் தெரியும் பழுதைவிட மறைந்திருக்கும் பழுதே அறத்தின் பார்வையில் கனமானது. விட்ரிஃபைடு டைல்ஸ் மிக இறுக்கமானது; அது உறிஞ்சும் தண்ணீர் தன் எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவு. பழைய வகை ஓட்டுக்கல் சிமெண்ட் பாலை உறிஞ்சிப் பிடித்துக்கொள்வதுபோல இது பிடித்துக்கொள்ளாது. இதற்காகவே ஒட்டுப்பசைகள் வந்தன. அவற்றுக்கு இந்தியத் தரநிர்ணய அமைவனம் ஐ.எஸ். 15477 என்ற தரத்தையும் வகுத்திருக்கிறது. பசையைத் தரை முழுவதும் சீராகப் பரப்பிப் பல் கரண்டியால் வரி இழுத்து ஒட்ட வேண்டும். நேரத்தையும் பசையையும் மிச்சம் பிடிக்க நினைப்பவர் நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டையாக வைத்து அழுத்திவிட்டுப் போகிறார். முதல் நாள் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே மின்னும். சில மாதம் கழித்து, கட்டில் கால் அழுத்தும் இடத்தில், உள்ளே வெற்றிடமாக இருந்த டைல்ஸ் விரிகிறது. அதற்குள் கணக்கு முடிந்து காண்ட்ராக்டர் வேறு ஊர் வேலைக்குப் போயிருப்பார்.

வீட்டுக்காரரால் பார்க்க முடியாத இடத்தில் செய்யப்படும் வேலைக்கு நம்பிக்கை மட்டுமே காவல். பார்க்கிற இடத்தில் ஒழுங்காகச் செய்வதற்குப் பயம் போதும். பார்க்காத இடத்தில் ஒழுங்காகச் செய்வதற்கு மனசாட்சி வேண்டும். வணிகருக்குரிய அறத்தை வள்ளுவர் ஈகையிலோ அன்புடைமையிலோ வைக்காமல் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தார். பிறர் பொருளையும் தன் பொருளாகக் கருதிக் கையாள்வதை அவர் தயாள குணமாகப் பார்க்கவில்லை. தராசின் கடமையாகப் பார்த்தார். தன் வீட்டுச் சமையலறையில் ஐந்து உருண்டைப் பசையில் டைல்ஸ் ஒட்ட ஒப்பாத காண்ட்ராக்டர் அடுத்தவர் வீட்டில் அப்படி ஒட்டினால், அந்தக் கணமே தராசு சாய்ந்துவிட்டது. பழுது வெளியே தெரிய எத்தனை மாதம் ஆனாலும் தவறு நடந்தது அன்றுதான்.

இதிலிருந்து காண்ட்ராக்டருக்கு இன்னொரு கடமையும் பிறக்கிறது: முன்கூட்டியே சொல்வது. டைல்ஸ் பெட்டிகளில் நிறத்துக்கும் தயாரிப்புத் தொகுதிக்கும் எண்கள் அச்சிட்டிருக்கும். குஜராத்தின் மோர்பியில் ஒரே பெயரில் தயாரான டைல்ஸே வெவ்வேறு தொகுதியில் வந்தால் நிறம் சிறிது மாறும். அளவும் நூலிழை மாறும். கடையில் வாங்கியவர் வீட்டுக்காரர் என்பதற்காக, கலந்து வந்த பெட்டிகளைப் பிரித்த கை ஒன்றும் பேசாமல் ஒட்டிக்கொண்டே போகலாமா? கூடாது. பெட்டியை முதலில் பிரித்துப் பார்ப்பவர், பார்த்ததும் விஷயம் தெரிந்தவர் அவர்தான். ஒட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை சொன்னால் கடைக்காரர் மாற்றித் தருவார். ஒட்டிய பின் சொல்வது தகவலாகுமே தவிர எச்சரிக்கையாகாது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லாமல் விட்ட இடத்தில், நஷ்டம் சொல்லாதவரையே சேர வேண்டும்.

இதே அளவுகோலை வீட்டுக்காரர் பக்கமும் திருப்ப வேண்டும். பல பழுதுகளின் விதை வீட்டுக்காரரின் வாயிலிருந்தே விழுகிறது. “ஜாயிண்ட் தெரியவே கூடாது, ஒரே கண்ணாடி மாதிரி இருக்கணும்” என்பது அடிக்கடி கேட்கும் கட்டளை. திருச்சியில் கோடை வெயில் நாற்பது டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். சூட்டில் டைல்ஸ் விரிவடையும். கீழே உள்ள கான்கிரீட் வேறு அளவில் அசையும். இடைவெளியே விடாமல் நெருக்கி ஒட்டிய தரை, விரிய இடமில்லாமல் ஒருநாள் கூடாரம்போல மேலெழும்பிவிடும். இரண்டு மில்லிமீட்டர், மூன்று மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்து இடைவெளி விட்டு, அதில் பூச்சு அடைக்கச் சொல்வது இதனால்தான். பழைய தரையை உடைக்கும் செலவுக்கு அஞ்சி, அதன் மேலேயே ஒட்டச் சொல்கிறார்கள். கீழே இருக்கும் விரிசலும் ஈரமும் மேலே வந்தே தீரும். ஆடி பிறப்பதற்குள் கிரகப்பிரவேசம் வைத்தாக வேண்டும் என்று நாள் குறித்துவிட்டு, கலவை உலர்வதற்குள் பீரோவை உருட்டுகிறார்கள்.

பிறகு பழுது வெளிப்படும்போது, “நீங்கதானே சார் அப்படிச் சொன்னீங்க” என்று காண்ட்ராக்டர் சொல்வார். இந்தப் பதில் எப்போது செல்லும், எப்போது செல்லாது? “இப்படிச் செய்தால் தூக்கிவிடும், நான் பொறுப்பில்லை” என்று தெளிவாகச் சொல்லியும் வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்திருந்தால், விளைவு வீட்டுக்காரருடையது. பாக்கியைப் பிடிக்க அவருக்கு முகமில்லை. எச்சரிக்காமல் தலையாட்டிவிட்டு வேலையைச் செய்திருந்தால் அந்தப் பதில் செல்லாது. வேலை கைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காகத் தலையாட்டியவர், தன் அறிவை அடக்கிவைத்துத் தன் லாபத்தைக் காத்துக்கொண்டார். வீட்டுக்காரர் கூலிகொடுத்து அமர்த்தியது கைகளை மட்டுமில்லை, அந்தக் கைகளுக்குப் பின்னால் இருக்கும் அனுபவத்தையும்தான்.

கூலியைப் பேசும் இடத்திலும் இதே கேள்வி வருகிறது. மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, மிகக் குறைந்ததைப் பிடித்து, அதிலும் சதுரடிக்கு ஐந்து ரூபாய் குறைத்துவிட்டுப் பிறகு முதல்தரத் தரையை எதிர்பார்ப்பதில் நேர்மை இருக்கிறதா? ஓரளவுக்கு இல்லை. எந்த விலையில் எந்த வேலை வரும் என்று விசாரிப்பது வாங்குபவரின் கடமை. ஆனால் விலை குறைந்ததைக் காட்டி வேலையைக் குறைத்தவரும் தப்ப முடியாது. கட்டுப்படியாகாத விலையை மறுக்கும் சுதந்திரம் அவருக்கு இருந்தது. “இந்த விலைக்குப் பசை கிடையாது, சிமெண்ட் பாலில்தான் போட முடியும், அது நிற்காது” என்று வெளிப்படையாகச் சொல்லும் வழியும் இருந்தது. குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்டவர், குறைந்த வேலையை மறைத்துச் செய்யும் உரிமையை அதோடு சேர்த்து வாங்கிக்கொள்வதில்லை.

கட்டியவர் பழுதுக்குப் பொறுப்பு என்ற எண்ணம் மனித நாகரிகத்தோடு பிறந்தது. சுமார் 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனில் ஹம்முராபி வகுத்த சட்டத்தொகுப்பில், சுவர் சாயத் தொடங்கினால் கட்டியவர் தன் சொந்தச் செலவில் அதை உறுதிப்படுத்தித் தர வேண்டும் என்ற விதி இருக்கிறது. அந்த விதி முதலில் கேட்பது திருத்தத்தை. பழுது கண்டவுடன் உறவை முறித்துக்கொள்ளச் சொல்லாமல், செய்தவரையே திரும்ப வரவழைத்துச் சரிசெய்யச் சொல்கிறது. நியாயத்தின் முதல் படி இன்றும் அதுவே.

திருத்தம் நடக்காவிட்டால் பணத்தில் எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கு இங்கிலாந்து நீதிமன்றங்களில் நடந்த இரண்டு வழக்குகள் துல்லியமான வெளிச்சம் தருகின்றன. 1952-ல் தீர்ப்பான ஹோனிக் – ஐசக்ஸ் வழக்கில், ஒரு வீட்டு அலங்கரிப்பாளர் ஒரு ஃபிளாட்டை அலங்கரித்து மரச்சாமான்கள் செய்து தர 750 பவுண்டுக்கு ஒப்புக்கொண்டார். உரிமையாளர் 400 பவுண்டு கொடுத்தார். அலமாரிக் கதவும் புத்தக அடுக்கும் சரியாக அமையவில்லை என்று மீதி 350 பவுண்டையும் நிறுத்திக்கொண்டார். குறைகளைச் சரிசெய்ய ஆகும் செலவு 56 பவுண்டுக்குள்தான். அந்தச் செலவை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 1972-ல் தீர்ப்பான போல்டன் – மகாதேவா வழக்கில், 560 பவுண்டுக்கு ஒரு வீட்டில் வெப்பமூட்டும் அமைப்புப் பொருத்தப்பட்டது. வீடு சரியாகச் சூடேறவில்லை. அறைக்குள் புகை வந்தது. சரிசெய்ய 174 பவுண்டு ஆகும் நிலை. திருத்தித் தர மறுத்த ஒப்பந்தக்காரருக்கு ஒரு காசும் கிடையாது என்று தீர்ப்பானது.

இரண்டையும் அருகருகே வைத்தால் அளவுகோல் கிடைக்கிறது. வேலை பெரும்பாலும் நிறைவேறி, ஆங்காங்கே குறை இருந்தால், அந்தக் குறையின் விலையை மட்டும் பிடிக்கலாம். வேலையின் நோக்கமே தோற்றுப்போயிருந்தால் முழுவதையும் மறுக்கலாம். தென்னூர் வீட்டுக்கு இதைக் கொண்டுவருவோம். ஒரு லட்சம் ரூபாய்க்குப் பேசிய வேலையில் இருபதாயிரம் பாக்கி. எட்டு டைல்ஸில் வெற்றுச் சத்தம் கேட்கிறது. எடுத்து மறுபடி ஒட்ட ஐயாயிரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஐயாயிரம் பிடிப்பது நியாயம். இருபதாயிரத்தையும் விழுங்குவது, ஐயாயிரத்துக்கான நியாயத்தைக் காட்டிப் பதினைந்தாயிரத்தை அபகரிப்பது. குளியலறை முழுவதும் வாட்டம் தவறித் தண்ணீர் கூடத்துக்குள் வருகிறது, காண்ட்ராக்டர் வந்து பார்க்கவும் மறுக்கிறார் என்றால், அந்தக் குளியலறைக்கான கூலியை முழுதாக மறுக்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு.

இன்னொரு சங்கடமும் உண்டு. குறை உண்மைதான், ஆனால் அதைத் திருத்த எல்லாவற்றையும் இடிக்க வேண்டும். அப்போதும் இடித்துக் கட்டித்தரச் சொல்வது நியாயமா? 1995-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்த்த ரக்ஸ்லி – ஃபோர்சித் வழக்கு இதைப் பற்றியது. நீச்சல் குளம் ஏழரை அடி ஆழம் இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்; கட்டியது ஆறே முக்கால் அடி. குளிப்பதற்கும் குதிப்பதற்கும் ஆபத்தில்லை. குளத்தின் மதிப்பும் குறையவில்லை. இடித்துக் கட்ட 21,560 பவுண்டு ஆகும். அந்தத் தொகை மறுக்கப்பட்டது. ஆனால் கேட்டது கிடைக்காத ஏமாற்றத்துக்காக 2,500 பவுண்டு உறுதிசெய்யப்பட்டது. ஏமாற்றத்துக்கும் ஒரு விலை உண்டு, ஆனால் அது இடிப்பதற்கான விலை ஆகாது என்பது அதன் சாரம். கூடத்தின் ஒரு மூலையில் நான்கு டைல்ஸ் நிறம் மாறியிருப்பதற்காக முழுக் கூடத்தையும் பெயர்க்கச் சொல்வது எதிராளியைத் தண்டிக்கும் ஆசையே. வழுக்கி விழவைக்கும் தரை என்றால் கதை வேறு. அங்கே இடிப்பதே சரி, செலவு எவ்வளவானாலும் செய்தவருடையது.

இந்தியச் சட்டமும் இதே திசையில்தான் நிற்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 73-ஆம் பிரிவு, வாக்கை மீறியதால் இயல்பாக வந்த இழப்புக்கு ஈடு கேட்க வழிசெய்கிறது. 70-ஆம் பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த வேலையின் பயனை அனுபவிப்பவர் அதற்குரியதைத் தர வேண்டும் என்கிறது. இரண்டும் ஒரே சட்டத்துக்குள் இருப்பது கவனிக்கத்தக்கது. 1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் சேவை என்ற வரையறைக்குள் 1993-ல் வீட்டுக் கட்டுமானம் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் லக்னோ வளர்ச்சி ஆணையம் – எம்.கே. குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வீடு கட்டித் தருவதும் சேவையே, அதில் வரும் குறைக்கு மன உளைச்சலுக்கும் சேர்த்து இழப்பீடு தரலாம் என்று தீர்ப்பளித்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். குறை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் சமரசத்துக்கும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. தமிழ்நாடு நுகர்வோர் பாதுகாப்புக் குழு என்ற அமைப்பு பல பத்தாண்டுகளாக இயங்கிவரும் ஊர் திருச்சி. நுகர்வோர் உரிமை இங்கே புதிய பேச்சில்லை. கோபத்தில் தானே நீதிபதியாகிப் பணத்தைப் பிடித்துவைப்பதைவிட நேர்மையான வழிகள் திறந்தே இருக்கின்றன.

இத்தனை நியாயங்களும் வீட்டுக்காரருக்கும் காண்ட்ராக்டருக்கும் இடையே நடக்கின்றன. ஆனால் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டைல்ஸ் ஒட்டியவர் இந்த இருவரில் ஒருவர் இல்லை. காண்ட்ராக்டர் ஒரு மேஸ்திரிக்குக் கைமாற்றி விடுகிறார். மேஸ்திரியின் கீழ் இரண்டு டைல்ஸ் வேலைக்காரர்கள், கலவை சுமக்க ஒரு சித்தாள். சிலர் மணப்பாறைப் பக்கத்திலிருந்து வருகிறார்கள். சிலர் வடமாநிலங்களிலிருந்து வந்து வேலை நடக்கும் வீட்டிலேயே படுத்துக்கொள்கிறார்கள். டைல்ஸ் அறுக்கும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலை இறுக்கிவிடும் நோய் வரும். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பெருமளவு அடங்கும். அவசரத்தில் அதுவும் நடப்பதில்லை. வீட்டுக்காரர் இருபதாயிரத்தை நிறுத்தினால், “பார்ட்டி பணம் தரலை” என்று காண்ட்ராக்டர் மேஸ்திரியிடம் கைவிரிப்பார். மேஸ்திரி அதையே கீழே சொல்வார். பசையைக் குறைக்கச் சொன்னவர் காண்ட்ராக்டராக இருக்கலாம். ஆனால் சனிக்கிழமைக் கூலி கிடைக்காமல் போவது கலவை சுமந்த சித்தாளுக்கு. மேலே இருப்பவரின் தவறுக்குக் கீழே இருப்பவர் அபராதம் கட்டும் இந்த வழுக்குப் பாதையைத் தெரிந்தும் தெரியாததுபோல இருப்பது அறமாகாது.

இதைச் சட்டம் பெரிய வேலைத்தளங்களில் என்றோ உணர்ந்திருக்கிறது. 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், இருபது பேருக்குக் குறையாத ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலை செய்யும் நிறுவனங்களில், ஒப்பந்தக்காரர் கூலி தராமல் போனால் வேலை வாங்கிய முதலாளியே அதைத் தர வேண்டும் என்று வகுத்தது. தமிழ்நாட்டில் 1994-லேயே கட்டுமானத் தொழிலாளர்களுக்கென நல வாரியம் அமைந்தது. தென்னூரில் ஒரு வீட்டின் கூடத்தில் டைல்ஸ் போடும் நான்கு பேருக்கு அந்த 1970-ஆம் ஆண்டு விதி பொருந்தாது. விதி பொருந்தாவிட்டாலும் அதன் பின்னால் இருக்கும் நியாயம் பொருந்தும். யாருடைய உழைப்பு தன் வீட்டுக்குள் நடந்ததோ, அவருடைய அன்றாடக் கூலி தன் பூசலில் சிக்காமல் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரரின் பொறுப்பு.

இப்போது முதல் கேள்விக்குப் பதில் சொல்லலாம். பாக்கிப் பணத்தை நிறுத்தலாம், நான்கு நிபந்தனைகளோடு. ஒன்று, குறை எது என்று அறைவாரியாக எழுதி, அளந்து, படம் எடுத்து, ஒரே பட்டியலாகக் கொடுக்க வேண்டும். தினம் ஒரு புதிய குறையைச் சேர்த்துக்கொண்டே போனால் எந்த நேர்மையான காண்ட்ராக்டரும் திரும்பி வர அஞ்சுவார். இரண்டு, திருத்தித் தர நியாயமான கால அவகாசமும், வீட்டுக்குள் வந்து வேலை செய்ய இடமும் கொடுக்க வேண்டும். மூன்று, பிடிக்கும் தொகை திருத்தச் செலவின் அளவுக்கே இருக்க வேண்டும். வேறொருவரிடம் விலை கேட்டுவைத்துக்கொண்டால் அந்த அளவு ஊகமாக இல்லாமல் ஆதாரமாகும். நான்கு, வேலை செய்தவர்களின் கூலி போய்ச் சேர்ந்துவிட்டதா என்று கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். சேரவில்லையென்றால், காண்ட்ராக்டரிடம் எழுதித் தெரிவித்துவிட்டு அந்தப் பங்கை மேஸ்திரியின் முன்னிலையில் அவர்கள் கையிலேயே கொடுத்துக் கணக்கில் கழித்துக்கொள்வது நேர்மையான வழி.

“பணம் கைக்குப் போய்விட்டால் அவர் திரும்பவே மாட்டார், போனையும் எடுக்க மாட்டார்” என்பது வீட்டுக்காரர்களின் உண்மையான பயம். அனுபவத்தில் விளைந்த அந்தப் பயத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் அதற்கு மருந்து வேலை முடிந்த பின் பிடிவாதம் பிடிப்பதில் இல்லை. வேலை தொடங்கும் முன் எழுதிக்கொள்வதில் இருக்கிறது. எந்தப் பசை, எவ்வளவு இடைவெளி, பழைய தரையை உடைப்பதா இல்லையா, கூலி எந்தெந்தக் கட்டத்தில் எவ்வளவு, முடிந்து எத்தனை மாதம் வரை பழுது பார்த்துத் தர வேண்டும், அதுவரை எவ்வளவு தொகை வீட்டுக்காரர் கையில் இருக்கும் என்பதெல்லாம் ஒரு தாளில் அடங்கும். முதலிலேயே இருவரும் ஒப்புக்கொண்ட பாக்கி பிணையாகும். பிறகு ஒருதலையாகப் பிடித்த பாக்கி சண்டையாகும்.

காண்ட்ராக்டரின் பக்கம் கடமை இன்னும் எளிமையானது: திரும்பி வர வேண்டும். தவறு எல்லோருக்கும் நேரும். மட்டம் பார்த்தும் ஒரு மூலை இறங்கிவிடலாம். நல்ல பசையிலும் ஒரு டைல்ஸ் பிடிக்காமல் போகலாம். கூப்பிட்டபோது வந்து, தட்டிப் பார்த்து, “இது என் தப்பு, மாற்றித் தருகிறேன்” என்று சொல்பவர் மதிப்பை இழப்பதில்லை. போனை எடுக்காமல் இருப்பவர், கைத்தவறாக இருந்த ஒன்றைத் துரோகமாக மாற்றுகிறார். எட்டு டைல்ஸை மாற்றும் செலவை மிச்சம்பிடிக்க, அந்தத் தெருவில் இன்னும் பல ஆண்டுகள் கிடைக்கக்கூடிய நம்பிக்கையை அவர் விற்கிறார். அக்கம்பக்கத்தில் அவரைப் பற்றி விசாரிக்கும்போது வீட்டுக்காரர் நடந்ததை நடந்தபடி சொல்வதில் தவறில்லை. சொல்லாமல் மறைப்பதே அடுத்தவருக்குச் செய்யும் தீங்கு. ஆனால் எட்டு டைல்ஸை எண்பதாக்கிச் சொல்வதும், திருத்திக் கொடுத்த பிறகும் பழைய கதையையே பரப்புவதும் ஒருவரின் பிழைப்பைக் கெடுக்கும் பொய்.

இந்த விஷயத்தில் எந்த ஒரு தரப்பும் எப்போதும் பாதிக்கப்பட்ட தரப்பாக இருப்பதில்லை. வீட்டுக்காரர் தன் சேமிப்பை நம்பிக் கொடுக்கிறார். காண்ட்ராக்டர் பொருளையும் ஆளையும் முன்னால் இறக்கி நம்புகிறார். வேலைக்காரர் ஒரு வார உழைப்பைக் கொடுத்துவிட்டுச் சனிக்கிழமைக்காகக் காத்திருக்கிறார். மூவரில் மிகக் குறைவாகப் பேச வாய்ப்பிருப்பவர் மூன்றாமவர். எனவே அவர் கூலி முதலில் தீர வேண்டும். அடுத்து, பழுதைச் செய்தவர் அதைத் தன் செலவில் திருத்த வேண்டும். அவர் திருத்த மறுத்தால் மட்டுமே, பழுதின் அளவுக்குப் பணம் பிடிக்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் பணத்தைப் பிடித்துவிட்டுப் பிறகு நியாயம் தேடுகிறவருடைய தரையில் பழுது இருந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அவர் செய்தது நியாயமாகாது.